பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நான் துபாஷியா?

கேள்வி:

என் மகளுக்கு ஐந்து வயது. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று எங்களோடு அழைத்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் நாலு மாதம் இருப்பார், அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போவார். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. என் கணவர் தமிழர் இல்லை. வீட்டில் நாங்கள் பேசுவது ஆங்கிலம். நான் சொல்லும் சின்னச் சின்னத் தமிழ் வாக்கியங்கள் மகளுக்குப் புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அவள் பேசத் தொடங்கத் தாமதமானபோது, "இரண்டு மொழியில் பேசிக் குழப்பாதீர்கள், ஒன்றை விட்டுவிடுங்கள்" என்று பள்ளியில் சொன்னார்கள். நான் தமிழை விட்டேன்.

அம்மா வந்த முதல் வாரம் பாட்டி பாட்டி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். இப்போது அம்மா ஹாலுக்கு வந்தால் எழுந்து என்னிடம் ஓடி வந்துவிடுகிறாள். "பாட்டியைப் பேச வேண்டாம்னு சொல்லும்மா" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் சொன்னாள். நல்லவேளை, அம்மாவுக்குப் புரியவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை இரண்டு பேருக்கும் நடுவில் துபாஷியாக நிற்கிறேன். "என் பேத்திகிட்ட பேச எனக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கு, நீ வளர்த்த லட்சணம்" என்று அம்மா குத்திக்காட்டுகிறார். தப்பு என்னுடையதுதானா? இனிமேல் தமிழ் வருமா? போனில் மொழிபெயர்ப்புச் செயலி போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். அதையாவது செய்யலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை ஓரமாக வைத்துவிடுவோம். அது இருக்கிறவரை நான் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

பள்ளியில் சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அறிவுரை தவறு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. தாமதமாகப் பேச வேண்டிய குழந்தை ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்ந்தாலும் தாமதமாகத்தான் பேசும். ஒன்றை நிறுத்தினால் மற்றது வேகமெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பார்த்த ஆய்வுகளிலும் இரண்டாவது மொழி சுமையாக இருந்ததாகத் தெரியவில்லை. பாதி இந்த மொழி, பாதி அந்த மொழி என்று குழந்தை கலந்து பேசுவதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் "குழம்புகிறாள்" என்கிறார்கள். நாமும் நாள் முழுக்க அப்படித்தானே பேசுகிறோம், நம்மை யாரும் சிகிச்சைக்கு அனுப்பவில்லையே.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆனிக் டி ஹவர் என்ற மொழியியலாளர், டச்சு மொழியோடு இன்னொரு மொழியும் புழங்கும் சுமார் 1,900 வீடுகளில் விவரம் திரட்டி 2007-ல் வெளியிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர் அந்த இன்னொரு மொழியைப் பேசவில்லை. அத்தனை பேரும் பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளி, விளையாட்டு, டிவி எல்லாம் ஒரே பக்கம் இழுக்கும்போது வீட்டு மொழி பின்தங்குவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அம்மா அடுத்த முறை குத்திக்காட்டும்போது வாதாட வேண்டாம். "ஆமாம்மா, விட்டுப்போச்சு. நீ இருக்கும்போதே கொஞ்சம் பிடிச்சுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கும் ஒரு வேலை கிடைத்த மாதிரி இருக்கும்.

சரி, துபாஷி வேலைக்கு வருவோம். உங்கள் வீட்டுச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். குழந்தை பேசும்போது வாயைவிடக் கண்ணைத்தான் அதிகம் கவனிப்பேன், அது தொழில் பழக்கம். நீங்களும் ஒருநாள் அப்படிக் கவனியுங்கள். அம்மா ஏதோ கேட்கிறார். மகள் சட்டென்று உங்களைப் பார்க்கிறாள். நீங்கள் ஆங்கிலத்தில் சொல்கிறீர்கள். அவள் உங்களைப் பார்த்தே பதில் சொல்கிறாள். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறீர்கள். அம்மா "அப்படியா" என்கிறார், அதுவும் உங்கள் முகத்தைப் பார்த்து. பேச்சு முடிந்துவிட்டது. பாட்டியும் பேத்தியும் ஒருவரை ஒருவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை சுற்று! மகளுக்குப் பாட்டி என்பவர் அம்மாவின் கவனத்தை இழுத்துக்கொள்ளும் இன்னொரு ஆள். பாட்டிக்குப் பேத்தி என்பவள் மகள் வாயிலாகப் பேசும் ஒரு குழந்தை. நீங்கள் நல்லது என்று நினைத்துச் செய்வதாலேயே இரண்டு பேருக்கும் முயற்சி எடுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது.

குழந்தைகள் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு காரியம் செய்யத் தொடங்குவார்கள். ஒரு பொருளைப் பார்ப்பார்கள், உடனே பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகத்தைப் பார்ப்பார்கள், மறுபடி பொருளைப் பார்ப்பார்கள். "நீயும் பார்த்தியா?" என்று கேட்பதுபோல இருக்கும். எங்கள் துறையில் இதைக் கூட்டுக் கவனம் என்போம். சொற்கள் பிற்பாடு வருகின்றன, இதன் மேலேதான் வந்து உட்காருகின்றன. உங்கள் அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே இப்போது இல்லாதது இந்தப் பார்வைதான். அது இருந்தால் மொழி குறைவாக இருந்தாலும் உறவு ஓடும். அது இல்லாமல் மொழியை மட்டும் சொல்லிக் கொடுத்தால், தமிழ் தெரிந்தும் பாட்டியோடு பேசாத பேத்தி என்று இன்னொரு குறைதான் மிஞ்சும்.

ஆகவே விலகுங்கள். ஒரேயடியாக வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் அரைமணி போதும். முதல் சில நாள் அதே அறையில் கொஞ்சம் தள்ளி உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். மகள் திரும்பி "பாட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "பாட்டி கையைப் பாரு" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். கண்டிப்பாகச் சொல்ல வேண்டாம். அழுகை வரும் அளவுக்குப் போனால் தாராளமாக உதவுங்கள். இது பரீட்சை இல்லை. ஆனால் சும்மா ஒரு தடுமாற்றம் என்றால் விட்டுவிடுங்கள். தடுமாறும்போதுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் தேடுவார்கள்.

அந்த அரைமணி என்ன செய்வது? பேச உட்கார வைத்தால் பேச்சு வராது. அம்மா அப்படித்தான் செய்துகொண்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். எதிரே உட்கார்த்தி வைத்து, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே?" பெரியவர்களே திணறும் கேள்வி இது. கைக்கு வேலை கொடுங்கள். துவைத்த துணியை மடிப்பது, ஜோடி பிரிந்த சாக்ஸைச் சேர்ப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் டப்பாவைக் கொட்டி நிறவாரியாகப் பிரிப்பது. ஒருவர் மட்டும் செய்து முடித்துவிட முடியாத வேலையாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய போர்வையை மடிக்க நாலு முனை பிடிக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

என் அறையில் பார்த்த ஒரு தாத்தாவையும் பேரனையும் பற்றிச் சொல்கிறேன். பையனுக்கு நாலு வயதிருக்கும், தாத்தாவின் மொழி பேச மாட்டான். அவனோடு வந்த தாத்தா மூலையில் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். விளையாட்டுக் காரின் சக்கரம் கழன்று விழுந்தது. பையன் அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனான். அம்மா என்னோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தாத்தா கையை நீட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், காரைத் தலைகீழாகத் திருப்பினார், உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்திருந்தார். பையன் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தான். தரையில் கிடந்த திருகாணி ஒன்றைப் பொறுக்கி அதில் வைத்தான். "இது இல்ல, சின்னது" என்று தாத்தா விரலையும் கட்டைவிரலையும் நெருக்கிக் காட்டினார். பையன் தேடிச் சின்னதை எடுத்தான். "அதேதான்!" அப்புறம் காரை அவன் கையில் கொடுத்து, "புடி" என்றார். அவர் திருகத் திருக அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். "விட்றாத, புடி, புடி." இரண்டாவது சக்கரம் வந்தபோது தாத்தா கொஞ்சம் மூச்சு வாங்க நிறுத்தினார். பையன் காரை அவர் மடியில் வைத்து, அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்து, "புடி" என்றான். விளக்கம் சொல்ல வாயெடுத்த அம்மாவை நான் கையமர்த்தினேன்.

அந்த ஒரு சொல் அவனுக்கு எப்படி ஒட்டியது என்று யோசியுங்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லச் சொல்லவும் இல்லை. அதே சொல் திரும்பத் திரும்ப, அதே செயலோடு, அவனுக்கு அது தேவைப்பட்ட நேரத்தில் வந்தது. அதோடு, எதிரே ஓர் ஆள் இருந்தார். பட்ரீஷியா கூலும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 2003-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் சீனம் கேட்க வைத்தார்கள். நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடி, புத்தகம் படித்துக் காட்டிய குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தை வீடியோவில் சொல்லிக் கேட்ட குழந்தைகளுக்கு அது வரவில்லை. உங்கள் மகளுக்காகத் தமிழ்க் கார்ட்டூன் போட்டு வைக்கலாமா என்று யோசித்திருப்பீர்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் பாட்டி உள்ளே உட்கார்ந்திருக்க, குழந்தை ஹாலில் தமிழ் வீடியோ பார்க்கிறாள் என்றால் அதைவிட வீண் வேறில்லை.

அடுத்து, காத்திருப்பது. இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்து ஒன்று சொன்னார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பதில் சொல்லாதவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். அது பிள்ளைகள் பழகிய மொழியில். உங்கள் மகள் பலவீனமான மொழியில் கேட்டு, புரிந்து, வார்த்தை தேடி எடுக்க வேண்டும். ஐந்து நொடி, பத்து நொடி கூட ஆகும். நாமோ இரண்டு நொடி அமைதியானதும் பதறிப்போய் நடுவில் புகுந்துவிடுகிறோம். உங்களுக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன்: அந்த நேரத்தில் வாயில் தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பாக இருக்கலாம், வேலை செய்யும்.

அம்மாவிடமும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும், பக்குவமாக. "இது என்ன, சொல்லு? இது என்ன கலர், தமிழ்ல சொல்லு?" என்ற கேள்விகளை அவர் குறைக்க வேண்டும். விடை தனக்குத் தெரிந்த கேள்வியை ஒருவர் கேட்கிறார் என்றால் சோதிக்கிறார் என்று ஐந்து வயதில் நன்றாகவே புரியும். தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் புரியும். உச்சரிப்பைக் கேட்டுப் பாசத்தோடுதான் சிரிக்கிறோம், குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதைவிட மோசம், உறவினர் போனில் வரும்போது "பாட்டி சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிக் காட்டு" என்று நிற்க வைப்பது. "பாட்டியைப் பேச வேண்டாம்னு சொல்லு" என்று உங்கள் மகள் சொன்னதற்கு முன்னால் இப்படி ஏதாவது நடந்ததா என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் அந்தச் சங்கடத்தை "எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்று சொல்ல மாட்டார்கள்.

கேள்விக்குப் பதிலாக அம்மா என்ன செய்யலாம்? தான் செய்வதைத் தானே சொல்லிக்கொண்டே செய்யலாம். "சட்டையை மடிக்கிறேன். கை உள்ள போயிடுச்சு. இழு, இழு. வந்துடுச்சு." சின்ன வாக்கியம், கண்முன் நடக்கும் விஷயம், பதில் எதிர்பார்க்காத பேச்சு. மகள் ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் "தமிழ்ல சொல்லு" என்று நிறுத்தாமல், புரிந்த அளவுக்குத் தமிழில் தொடரலாம். அவள் சிவப்புப் பொத்தானைத் தூக்கிக் காட்டி ஆங்கிலத்தில் கத்தினால், "ஆமா, சிவப்பு! பெரிய சிவப்பு!" அவ்வளவுதான். ஒருவர் ஒரு மொழியிலும் இன்னொருவர் வேறு மொழியிலும் பேசி உரையாடல் நடப்பது உலகத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. கேட்பதற்கு விசித்திரம், நடைமுறையில் நன்றாகவே ஓடும். புரிதல் முதலில் வரும், பேச்சு பிறகுதான் வரும். புதிய மொழிக்குள் நுழையும் குழந்தைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். நாலு மாதத்தில் உங்கள் மகள் சரளமாகப் பேசுவாள் என்று நான் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்வது நன்றாகவே கூடும். சொற்களும் சின்னச் சின்ன வாக்கியங்களும் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏற்கெனவே கேட்டு வளர்ந்த மொழிதானே.

அப்புறம், கற்றுக்கொள்ளும் சுமை குழந்தை தலையில் மட்டும் ஏன்? பாட்டிக்குப் பேத்தி ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கட்டும். தன்னைவிட ஒரு பெரியவருக்குக் குறைவாகத் தெரியும் என்பதில் ஐந்து வயதுக்குக் கிடைக்கும் சந்தோஷம் சாதாரணமில்லை. அம்மா ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி, மகள் திருத்தி, மறுபடி தப்பாகச் சொன்னால் வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்த வீட்டில் பேத்திக்கும் தப்பாகப் பேசத் தைரியம் வரும். அம்மா முறுக்கிக்கொள்வார், "இந்த வயசுல எனக்கெதுக்கு" என்பார். பேத்தியே கையைப் பிடித்து இழுத்தால் வருவார்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒரு விஷயம். அம்மாவின் காது எப்படி? டிவி சத்தம் கூடுதலாக வைக்கிறாரா? "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறாரா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 25 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அன்றாடத்தைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. வயதால் வரும் இந்தக் குறைவு பெரும்பாலும் உச்ச ஸ்தாயி ஒலிகளில் தொடங்கும். பெரியவர்கள் பேசுவது கேட்கும், உயர்ந்த குரலில் வேகமாகப் பேசும் குழந்தையின் பேச்சு மட்டும் மங்கும். ‘ச', ‘ஸ', ‘ஃப' போன்ற ஒலிகள் முதலில் நழுவும். அதோடு தெரியாத மொழியும் சேர்ந்தால் என்ன ஆகும்? நம் மொழியில் ஒரு சொல் கேட்காவிட்டால் சந்தர்ப்பத்தை வைத்து நிரப்பிக்கொள்வோம். தெரியாத மொழியில் அந்த வசதி கிடையாது. மொழிச் சிக்கல் என்று அழைத்து வரும் தாத்தா பாட்டிகளைக் காது பரிசோதனைக்கு அனுப்பும்போது பிள்ளைகளுக்கு முகம் மாறும், ஆனால் நான் அதை விடுவதில்லை. ஒருமுறை பார்த்துவிடுங்கள். பரிசோதனை வலியில்லாதது, சீக்கிரம் முடிந்துவிடும். அதுவரை மகளிடம் ஒன்று பழக்குங்கள்: பாட்டியிடம் பேசுவதற்கு முன் தோளைத் தொட்டு, எதிரே வந்து நின்று பேச வேண்டும். பக்கத்து அறையிலிருந்து கத்தக் கூடாது. டிவியை அணைத்துவிட்டுப் பேசினால் பாதிப் பிரச்சினை குறையும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் அம்மா கணவரை இழந்து இன்னும் அதிக காலம் ஆகவில்லை. பழகிய வீடு போயிற்று, அக்கம்பக்கம் போயிற்று, வாய்விட்டுப் பேசப் பகல் முழுவதும் ஆளில்லை. "பேத்தி என்னோட பேசமாட்டேங்கறா" என்று அவர் சொல்வதில் எவ்வளவு பேத்தியைப் பற்றியது, எவ்வளவு மற்ற எல்லாவற்றையும் பற்றியது? அவருடைய தனிமை முழுவதையும் ஐந்து வயதுக் குழந்தை தாங்க முடியாது, தாங்கவும் கூடாது. அவர் வயதில் அவர் மொழியில் பேச ஆள் தேடுங்கள், போனிலாவது. அவருடைய பழைய தோழிகளோடு தினமும் ஒரு பேச்சு இருக்கட்டும். நீங்களும் ராத்திரி குழந்தை தூங்கியபின் பத்து நிமிடம் துபாஷியாக இல்லாமல் மகளாக உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். அப்பாவைப் பற்றியே பேசுவாராக இருக்கும். பேசட்டும். துக்கம் குறையாமல் நாள் போகப் போகக் கனத்துக்கொண்டே போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மகள் பக்கமும் மொழி மட்டும் காரணமாக இருக்காது. திடீரென்று வீட்டுக்கு ஒரு புதிய ஆள், அம்மாவின் நேரத்தில் பாதி போயிற்று, வந்தவர் கட்டிப்பிடிக்கிறார், கன்னத்தைக் கிள்ளுகிறார். "பாட்டிக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கையசைத்தால் போதும். உள்ளங்கையில் தட்டுவது, ரகசியமாக மூக்கைத் தொட்டுக் காட்டுவது என்று அவர்கள் இருவருக்கு மட்டும் உரிய ஒரு வணக்கத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். முத்தம் அவளாக வந்து கொடுக்கும் நாளில் கொடுப்பாள்.

வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு எந்த மொழி முக்கியம் என்பதை நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பெரியவர்கள் யாரிடம் எந்த மொழியில் திரும்புகிறார்கள் என்று பார்த்தே தெரிந்துகொள்வாள். நீங்கள் மறுபடி அவளிடம் தமிழில் பேசத் தொடங்குங்கள், அம்மாவுக்காக மட்டும் அல்லாமல் உங்களுக்காகவும். ஒரே நாளில் மாற்றினால் முரண்டு பிடிப்பாள். குளிக்கும் நேரம், தூங்கும் நேரம் என்று ஒரு பொழுதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரும் ஐந்தாறு வாக்கியம் கற்றுக்கொண்டு மாமியாரிடம் நேராகப் பேசட்டும். தப்பும் தவறுமாக இருந்தால்தான் நல்லது. அப்பா முயற்சி செய்கிறார் என்பது வேறெந்தப் பாடத்தையும் விட வேகமாக மகள் மனதில் பதியும். வாரக் கடைசியில் தமிழ் வகுப்பு கிடைத்தால் சேருங்கள், ஆனால் அம்மாவை டியூஷன் டீச்சராக்கி எழுத்துப் பயிற்சி கொடுக்க வைக்காதீர்கள். பாட்டி வந்தாலே நோட்டுப் புத்தகம் வரும் என்று ஆகிவிட்டால் அவள் ஓடுவது நியாயம்தான்.

நாலு மாதத்தில் அம்மா அண்ணன் வீட்டுக்குப் போனபின் வீடியோ அழைப்புதான் கதி என்று கவலைப்படுவீர்கள். சற்றுமுன் வீடியோவில் மொழி வரவில்லை என்றேனே, அது பதிவு செய்த வீடியோ. எதிரில் இருப்பவர் குழந்தைக்குப் பதில் கொடுத்தால் கதை வேறு. 2014-ல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய சொற்களைக் கற்றார்கள், ஏறக்குறைய நேரில் கற்ற அளவுக்கு. அதே ஆள் பேசிய பதிவிலிருந்து கற்கவில்லை. ஆக அழைப்பிலும் "சாப்பிட்டியா, படிச்சியா" வேண்டாம், ஏதாவது செய்யட்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே படத்தை வரைந்து கடைசியில் காட்டலாம். பொம்மையை ஒளித்துவைத்துக் கேமராவைத் திருப்பித் தேடலாம். இங்கே இருக்கும்போது பொத்தான் பிரித்தார்கள் என்றால், அங்கேயும் ஒரு டப்பா பொத்தானோடு போகட்டும் அம்மா. பத்து நிமிடம் போதும், நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் எதிலாவது சாய்த்து வைத்துவிடுங்கள். கையில் பிடித்தால் மறுபடி நீங்கள் நடுவில் வந்துவிடுவீர்கள்.

கணவர் சொன்ன செயலிக்கு வருகிறேன். விளையாட்டு நேரத்துக்கு அது வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தையின் உச்சரிப்பையும் பேச்சுத் தமிழையும் அந்தச் செயலிகள் அடிக்கடி தப்பாகப் பிடிக்கும். சரியாகப் பிடித்தாலும் குழந்தை பார்ப்பது போனைத்தான், துபாஷி மட்டும் மாறியிருப்பார். ஆனால் நீங்கள் இருவரும் வெளியே போயிருக்கும்போது காய்ச்சல், அடிபட்டது, அலர்ஜி என்று வந்தால் அது கையில் இருக்கட்டும், அம்மாவுக்கு அதைத் திறக்கப் பழக்கிவிடுங்கள். அதற்கு முன்னால், செயலி இல்லாமலே தெரிய வேண்டிய சில வாக்கியங்களை இரண்டு பேருக்கும் இந்த வாரமே சொல்லிக் கொடுங்கள். "எங்க வலிக்குது?" என்று பாட்டி கேட்டால் மகள் தொட்டுக் காட்ட வேண்டும். "வாந்தி வருது", "பாத்ரூம் போகணும்", "பயமா இருக்கு" இவற்றை மகள் தமிழில் சொல்ல வேண்டும், அவள் பதற்றத்தில் ஆங்கிலத்தில் சொன்னாலும் பாட்டிக்குப் புரிய வேண்டும். பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் விளையாட்டு வைத்தால் ஒரே சாயங்காலத்தில் வந்துவிடும். உங்கள் எண்ணையும் கணவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.